கதவில் இரண்டு தட்டு

ஆறு ஆண்டுகள் நான் ஓட்டிய லாரியில் சாலையின் பாதிதான் என் கண்ணில் பட்டது. மறு பாதியை வேறொருவர் பார்த்துச் சொன்னார். அவர் சொன்னதை நம்பி ஓட்டினேன்; ஒரு நாளும் அது பொய்யாகவில்லை.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்ததும் அமெரிக்கப் பட்டாளம் விட்டுவிட்டுப் போன லாரிகளை ஏலம் போட்டார்கள். டோல்கேட் பக்கத்தில் ஷெட் வைத்திருந்த எங்கள் முதலாளியும் ஒன்றை எடுத்தார். அவரிடம் ஏற்கனவே இங்கிலாந்தில் செய்த இரண்டு சீமை லாரிகள் இருந்தன. அவற்றில் ஸ்டியரிங் நம் ஊர் வழக்கப்படி வலப்பக்கம். புதிதாக வந்ததில் இடப்பக்கம். பின் பலகையில் 'லெப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும், பின்னால் வருகிறவன் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று. அதை ஓட்டத்தான் ஜாக்கிரதையான ஆள் கிடைக்கவில்லை. நான் பட்டாளத்தில் அஸ்ஸாம் பக்கம் இதே மாதிரி வண்டியை ஓட்டியவன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன் என்பதால் சரக்குச் சலானையும் நானே பார்த்துக்கொள்வேன் என்று முதலாளி கணக்குப் போட்டார். எனக்கு வேலை கிடைத்தது.

அந்த வண்டியின் தொல்லை இன்னதென்று லாரி ஓட்டாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் முன்னால் ஒரு மாட்டு வண்டி போகிறது. அதைத் தாண்ட வேண்டும். வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிற டிரைவர் தலையைக் கொஞ்சம் சாய்த்தால் எதிரே வருவது தெரிந்துவிடும். இடப்பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு மாட்டு வண்டியின் முதுகும் சாலையோரத்துச் சாக்கடையும்தான் தெரியும். எதிரே பஸ் வருகிறதா என்று பார்க்க லாரியையே வலப்பக்கம் வெளியே தள்ள வேண்டும். தள்ளிய பிறகு பஸ் தெரிந்தால், தெரிந்து என்ன பயன்?

ஆகவே வலப்பக்க சீட்டுக்கு ஓர் ஆள் வேண்டும். பெயருக்குக் கிளீனர். ஆனால் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணாத்தே என்பேன். அவர் என்னை நைனா என்பார்.

காசிமேட்டுக் கரையில் பிறந்தவர். அப்பா, அண்ணன், தம்பி எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் கட்டுமரம் ஆடினால் குடல் புரண்டுவிடும். பன்னிரண்டு வயதில் முதல் முறை போனபோது வாந்தி எடுத்தாராம், பதினெட்டு வயதில் கடைசி முறை போனபோதும் எடுத்தாராம். அவருடைய மனைவி கூடையில் மீன் விற்பவர். எங்கள் லாரி ராயபுரம் மார்க்கெட்டைத் தாண்டும்போது அந்த அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் கேட்பார், "இன்னிக்காவது உங்க ஆளு மேடு பள்ளத்துல வாந்தி எடுக்காம வந்தாரா?" அண்ணாத்தே வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். கடல் அவருக்கு மூடிவிட்ட கதவு. குடும்பத்தில் நிலத்தை நம்பிப் பிழைக்க வந்தவர் அவர் ஒருவர்தான்.

வலப்பக்க ஜன்னலில் இடுப்பு வரை வெளியே நீட்டி அவர் எதிரே பார்ப்பார். வாயால் சொன்னால் இன்ஜின் சத்தத்தில் கேட்காது, காற்று வேறு அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் உள்ளங்கையால் கதவின் தகரத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் இரு. இரண்டு தட்டு என்றால் போ. விடாமல் தட்டினால் பிரேக்கில் ஏறி நில். அவ்வளவுதான் எங்கள் பாஷை. முதல் மாதம் அவர் இரண்டு தட்டியும் நான் தயங்கிக்கொண்டு பின்னாலேயே ஊர்வேன்.

"இன்னா நைனா, ரோடு காலியாத்தான் கீது. மாட்டோட வாலைப் பாத்துகினே எண்ணூருக்குப் போறதா உத்தேசமா?" என்பார்.

பிறகு தயக்கம் போய்விட்டது. துறைமுகத்திலிருந்து எண்ணூர் போவதற்குள் முப்பது, நாற்பது மாட்டு வண்டிகளையாவது தாண்டுவோம். எண்ணுவது என் வழக்கம், இப்போதும்தான். காலையில் வண்டி எடுக்குமுன் சக்கரம் சக்கரமாக நட்டுகளை எண்ணுவேன். மூட்டையை ஏற்றும்போது எண்ணுவேன், கட்டிய கயிற்றை எண்ணுவேன், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடந்தால் கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணுவேன். அண்ணாத்தே பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "நேத்து எண்ணுன நட்டு ராத்திரி குட்டி போட்டுகீதா நைனா?" என்று கேட்பார். அவருடைய கை மட்டும் எண்ணிக்கையில் தவறியதே இல்லை. ஒன்று தட்ட வேண்டிய இடத்தில் இரண்டு தட்டியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

எங்கள் தொழிலில் ஓட்டும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம். துறைமுக கேட்டில் முறை வரும்வரை நிற்க வேண்டும். உள்ளே போனால் கிரேன் வரும்வரை நிற்க வேண்டும். வெளியே வந்தால் ரயில்வே கேட். எண்ணூரில் குடோன் திறக்கிற ஆள் சாப்பிடப் போயிருப்பான். டயர் கிடைக்காத காலம் அது. பழைய டயருக்குள் இன்னொரு பழைய டயரை வெட்டி வைத்து ஓட்டுவோம். பாரத்தோடு அது வெடித்தால் முதலாளி எங்களைத்தான் முறைப்பார். இன்ஜின் சூடு முழுவதும் கால் வழியாக ஏறும். அந்த நாளில் வந்த முதுகு வலி இன்று வரை என்னோடு இருக்கிறது. இத்தனையிலும் பக்கத்து சீட்டில் அந்த மனிதர் இருந்ததால் எனக்குச் சலிப்புத் தெரியவில்லை. அப்போது அதை நான் ஒரு பாக்கியமாக நினைக்கவில்லை. லாரி என்றால் பக்கத்தில் ஆள் இருப்பார் என்று நினைத்துவிட்டேன்.

ஆறாவது ஆண்டில் முதலாளி ஒரு நாள் எங்கள் இருவரையும் ஷெட்டுக்குள் கூப்பிட்டார். இந்த மாதிரி வண்டிகளின் ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றிக் கொடுக்கிற மேஸ்திரி ஒருவர் வியாசர்பாடியில் இருக்கிறாராம். இரண்டு மாதத்தில் வண்டியை அவரிடம் விடப்போவதாகச் சொன்னார். நான் சரி என்று தலையாட்டினேன். பிறகுதான் அடுத்த விஷயத்தை எடுத்தார். பாரம் ஏற்றத் துறைமுகத்தில் ஆள் இருக்கிறது, இறக்க குடோனில் ஆள் இருக்கிறது, இனிமேல் நடுவில் உட்கார்ந்து வர ஓர் ஆள் எதற்கு என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அண்ணாத்தே தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி கெட்டவர் இல்லை. சீமை லாரி டிரைவர் ஒருவர் வேலையை விட்டு ஊரோடு போகப் போகிறார், அதற்குள் இவர் லைசென்ஸ் வாங்கிவிட்டால் அந்த வண்டியை இவருக்கே கொடுத்துவிடுகிறேன் என்று அவராகவே சொன்னார். வாங்காவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார். லைசென்ஸ் வந்தால் டிரைவர், வராவிட்டால் வீடு. நடுவில் வேறு இடம் இல்லை.

வெளியே வந்ததும் அண்ணாத்தே ஒரு பீடியை இழுத்து முடித்தார். பிறகு, "கட்டுமரத்துக்குத்தான் நான் லாயக்கில்ல. இதுக்குமா இல்லாம பூடுவேன்?" என்றார்.

அவருக்கான மனுவை நான் எழுதினேன். கற்றுக்கொள்கிறவன் என்று காட்டும் சிவப்பு எழுத்துப் பலகையை வண்டியின் முன்னும் பின்னும் கட்டினேன். மற்ற இரண்டு டிரைவர்களும் தங்கள் வண்டியில் வேறொருவர் கை பட விடமாட்டார்கள். அதனால் எங்கள் வண்டியில்தான் பழக்கம். எண்ணூரில் பாரம் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போது உப்பளத்து ஓரச் சாலையில் இடம் மாறிக்கொள்வோம். அவர் இடப்பக்க சீட்டில் ஸ்டியரிங் பிடிப்பார். நான் வலப்பக்க சீட்டில் உட்கார்ந்து வெளியே தலையை நீட்டுவேன். இப்போது தட்டுவது என் வேலை. ஒன்று தட்டினால் அடங்கிப் போவார், இரண்டு தட்டினால் கியரை மாற்றி அழகாக வெளியே எடுப்பார். ஆறு ஆண்டு பார்த்துப் பார்த்தே பாதி வித்தை அவர் கைக்கு வந்திருந்தது. கிளட்சை விடுவதில் என்னைவிட மெது.

"நீ தட்ற தட்டு கதவுக்கே கேக்கல நைனா. சோறு துன்ற கைதானே அது?" என்பார்.

ஒரு மாதத்தில் அவர் தயார். டெஸ்டுக்கு நாள் கொடுத்தார்கள். மேஸ்திரியிடம் வண்டி போவதற்கு இரண்டு வாரம் முன்னால் வருகிற நாள் அது. எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு எப்போதுமே எல்லாம் சரியாக இருந்தால்தான் சந்தேகம்; அன்று நட்டுகளை இரண்டு முறை எண்ணினேன்.

மேஸ்திரிக்கு எங்கேயோ பழைய ஸ்டியரிங் பெட்டி ஒன்று முன்னதாகவே கிடைத்துவிட்டது. இப்போதே வண்டியை விட்டால் முடித்துத் தருகிறேன், இல்லாவிட்டால் பெட்டியை வேறு வண்டிக்குப் போட்டுவிடுவேன் என்று ஆள் அனுப்பினார். முதலாளி வண்டியை அனுப்பிவிட்டார். டெஸ்டுக்கு முந்தின நாள் மாலை அது திரும்பி வந்தது. இடப்பக்கம் ஸ்டியரிங் இருந்த இடத்தில் ஒரு தகரத் துண்டை அடித்து மூடியிருந்தார்கள். ஸ்டியரிங் வலப்பக்கம் நின்றது.

எனக்குக் கவலை. டெஸ்ட் நாளைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கலாமா என்றேன். அண்ணாத்தே ஏறித் தன் பழைய சீட்டில், ஆறு ஆண்டும் அவர் உட்கார்ந்து பள்ளம் விழுந்த அந்த சீட்டில், உட்கார்ந்தார். ஜன்னலில் கையை வைத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நான் ஸ்டியரிங்காண்ட போவ வேணாம்னு அதுவே என் சீட்டாண்ட வந்துட்ச்சி பாத்தியா? இந்தப் பக்கத்து ரோடு எனக்குத் தெரியாததா?"

அதுவும் நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. ஷெட்டைச் சுற்றி நான்கு முறை ஓட்டிப் பார்த்தார். பிசகே இல்லை. நான்கு முறையும் முன்னால் தாண்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை டெஸ்ட். லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போடுகிற பிரேக் இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர், மடிப்புக் கலையாத அரைக்கால் சட்டை. இடப்பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் ஏறி, கேபினின் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆபீஸ் வாசலில் தங்கள் முறைக்குக் காத்திருந்த இரண்டு டிரைவர்கள் பொழுது போகாமல் என்னோடு ஏறிக்கொண்டார்கள். அவர்களை ஏற்றாமல் இருந்திருக்கலாம்.

முதலில் பின்னால் எடுக்கச் சொன்னார். எடுத்தார். சந்தில் திருப்பச் சொன்னார். திருப்பினார். கையைக் காட்டச் சொன்ன இடத்தில் கையைக் காட்டினார். நெடுஞ்சாலைக்கு வந்தோம். கூட வந்த டிரைவர்களில் ஒருவர், "உன் ஆளு பாஸு. டீ வாங்கிக் குடுத்துடு," என்று என் தோளில் தட்டினார்.

முன்னால் விறகு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அண்ணாத்தே வேகத்தைக் குறைத்துக் கியரை இறக்கினார். வலப்பக்க ஜன்னலில் தலையை நீட்டி எதிரே பார்த்தார். மேலே நின்ற எனக்கும் தெரிந்தது, சாலை கண்ணுக்கெட்டிய வரை காலி. அவர் வலக்கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். கதவில் இரண்டு தட்டுத் தட்டினார்.

வண்டி மாட்டு வண்டியின் பின்னாலேயே ஊர்ந்தது.

கொஞ்ச தூரம் அப்படியே போனோம். மறுபடியும் தலையை நீட்டிப் பார்த்தார். மறுபடியும் இரண்டு தட்டு, இந்த முறை பலமாக. அப்போதும் வண்டி வெளியே வரவில்லை. எனக்கு விஷயம் புரிந்து, கேபின் கூரையில் குனிவதற்குள், அவர் இடப்பக்கம் திரும்பி எரிச்சலோடு கத்தியது பின்னால் நின்ற மூன்று பேருக்கும் கேட்டது.

"காலியா கீதுன்றேன், போயேன் நைனா."

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. நிதானமாகக் கேட்டார். "யார் போக வேண்டும்?"

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். அண்ணாத்தே நிறுத்தினார். இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கை முதல் முறையாகப் பார்ப்பவர் போல் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் நின்ற இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நான் கீழே இறங்கிப் போய் இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு ஆண்டுக் கதையை, தட்டுகளை, நேற்று மாலைதான் ஸ்டியரிங் இடம் மாறியதை. அந்த மனிதர் முழுவதும் கேட்டார். வருத்தம் தெரிவித்தார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேறொருவர் ஓட்டுவதாக நினைக்கிற ஆளுக்குத் தான் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றார். பழகிக்கொண்டு மறுபடி வரட்டும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த நாளை எத்தனை முறை பிரித்துப் பார்த்தாலும் தப்புச் செய்த ஆள் என்று யாரையும் என்னால் காட்ட முடியவில்லை. அதுதான் ஆறவில்லை. மேஸ்திரிக்கு ஸ்டியரிங் பெட்டி பத்து நாள் கழித்துக் கிடைத்திருந்தால் போதும். அந்த விறகு வண்டி முந்தின சந்தில் திரும்பியிருந்தால் போதும்.

முதலாளியிடம் கெஞ்சி இன்னொரு மாதம் வாங்கிக் கொடுக்க நான் தயாராக இருந்தேன். அதற்குள் அந்த இரண்டு டிரைவர்கள் வழியாகக் கதை லாரி ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது. துறைமுக கேட்டில் வரிசையாக நிற்கிற லாரிகளைத் தாண்டி அண்ணாத்தே நடந்தால், ஒவ்வொரு லாரியாகக் கதவில் இரண்டு தட்டுக் கேட்கும். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர் போனதும் சிரிப்பு. ஒருவன் மட்டும், "காலியா கீது மாமு, போய்கினே இரு," என்றான். முதலில் அண்ணாத்தேவும் சிரித்தார். நான்காம் நாள் சிரிக்கவில்லை. ஒரு வாரம் போனதும் கேட்டுக்கு வருவதையே விட்டுவிட்டார்.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். கரையோரம் குடிசை, வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அது தம்பியின் வலை. மறுபடி டெஸ்டுக்கு வரச் சொன்னேன். ஊரோடு போகப்போகிற சீமை லாரி டிரைவரைச் சம்மதிக்க வைத்துவிட்டேன், அவர் வண்டியில் பழகலாம், வலப்பக்கத்தில் உட்கார்ந்து நூறு மாட்டு வண்டியைத் தாண்டினால் கை தட்டுவதை மறந்துவிடும் என்றேன். அவர் மனைவியும் உள்ளேயிருந்து, போய்த்தான் பாரேன் என்றார். அன்று அந்த அம்மாள் கேலி செய்யவில்லை.

அண்ணாத்தே தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணு பாக்குது, மூளை சொல்லுது. கை தட்டிட்டு குந்திகினு கீது. நடுரோட்டுல இந்தக் கையை எப்டி நைனா நம்புறது? எதிர்ல வர்றவன் இன்னா பாவம் செஞ்சான்?"

வேலை போன துக்கத்தில் பேசுகிறார், ஆறட்டும், அடுத்த வாரம் வந்து மறுபடி கேட்கலாம் என்று எழுந்துவிட்டேன். அடுத்த வாரம் முதலாளி சீமை லாரியை வேறு டிரைவரிடம் கொடுத்துவிட்டார். அதைச் சொல்லப் போக மனம் வரவில்லை. பிறகு மழை. சடையங்குப்பம் பக்கம் சாலை மூழ்கி, எங்கள் வண்டிகள் சுற்றிச் சுற்றி ஓடின. ஒரு முறை போனபோது குடிசையில் வேறு யாரோ இருந்தார்கள். இன்ன இடம் போனார்கள் என்று சொல்ல அவர்களுக்குத் தெரியவில்லை.

வலப்பக்க ஸ்டியரிங் எனக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. சாலை முழுவதும் என் கண்ணுக்கே தெரிந்தது. கேட்க யாருமில்லாததால் வாயை மூடிக்கொண்டு ஓட்டப் பழகினேன். இடப்பக்க சீட்டில் கயிறும் தார்ப்பாயும் கிடந்தன. தாண்டும்போதெல்லாம் ஒரு கணம் காத்திருக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. சாலை காலியாக இருப்பது தெரியும். ஆனாலும் கால் ஆக்ஸிலேட்டரில் அழுந்தாமல் எதற்கோ நிற்கும். ஸ்டாண்டில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

இரண்டு ஆண்டு கழிந்திருக்கும். கொருக்குப்பேட்டை கேட் திறந்து வண்டிகள் நகர ஆரம்பித்தன. எனக்கு முன்னால் மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று, ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கு. பின்னாலிருந்து ஒருவன் தள்ளினான். முன்னால் இழுப்பவர் மூட்டைக்கு அந்தப் பக்கம் மறைந்திருந்தார். எதிர்ப்பக்கத்து வண்டிகள் அவசரமாக வந்துகொண்டிருந்தன. நான் அந்தக் கைவண்டியின் பின்னாலேயே, தண்டவாளத்தின் மேல் ஊர்ந்தேன். எனக்குப் பின்னால் ஹார்ன்.

எதிரே வந்த கடைசி வண்டியும் போயிற்று. மூட்டைகளுக்கு அப்பாலிருந்து ஒரு கை வலப்பக்கம் நீண்டது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை, பார்த்தேன். உள்ளங்கையை விரித்து, கைவண்டியின் பக்கப் பலகையில் இரண்டு முறை தட்டியது.

என் கால் தானாக அழுந்தியது. வெளியே எடுத்துத் தாண்டினேன். என் இன்ஜினின் சத்தத்தைத் திரும்பிப் பார்க்காமலே அண்ணாத்தே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். தாண்டும்போது முகத்தைப் பார்க்க இடப்பக்கம் எக்கினேன். என் சீட்டிலிருந்து அந்த ஜன்னல் வழியாக மூட்டைகளின் மேல்வரிசைதான் தெரிந்தது. கீழே நடப்பவர் தெரியவில்லை. முன்பு எனக்குத் தெரியாமல் இருந்தது வலப்பக்கம், இப்போது இடப்பக்கம்.

பின்னால் வரிசை நெருக்கியது. கேட்டைத் தாண்டி ஓரம் கட்ட இடம் பார்த்து நிறுத்தி, இறங்கித் திரும்பி நடந்தேன். கூட்டத்தில் மூன்று கைவண்டிகள் வந்தன. மூன்றிலும் அவர் இல்லை. அந்தக் கைவண்டி நடுவில் ஏதோ சந்தில் திரும்பியிருக்க வேண்டும். நான் இரண்டு சந்துகளில் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தேன். துறைமுகத்தில் முறை தவறிவிடும் என்று திரும்பிவிட்டேன்.

இன்னும் ஒரு சந்து பாக்கி இருந்தது.

சிரித்தாரா, இளைத்திருந்தாரா, அது அவர்தானா என்றுகூட வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருந்தது. இடப்பக்க சீட்டில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் தலையை நீட்டியிருந்தால் பார்த்துச் சொல்லியிருப்பார். அங்கே நான்கு கயிறும் தார்ப்பாயும் கிடந்தன.